வட்ட இல்லமும் முக்கோண இல்லமும்

புதிதாக முன்பள்ளி வேலைக்கு வந்திருக்கும் தங்கச்சிமாரே, நீங்கள் எல்லோரும் மட்டையில் வட்டமும் சதுரமும் முக்கோணமும் வெட்டி, நிறம் தீட்டி, பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள். பார்த்தேன். வடிவாகத்தான் வெட்டியிருக்கிறீர்கள். குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த முக்கோணத்தை மட்டும் லேசாக நினைக்காதீர்கள். மூன்று மூலைதானே என்று நானும் நினைத்தேன். அந்த மூன்று மூலையும் சேர்ந்து என் பள்ளிக்கூடத்தை இரண்டாகக் கிழிக்கப் பார்த்தன. சிரிக்காதீர்கள். சிரிக்கிற இடம் வரும்போது நானே சொல்கிறேன்.

கொக்கட்டிச்சோலைக்கு அங்கால், வயல் முடிந்து வாவி தொடங்கும் இடத்தில் ஓர் ஊர். பெயர் சொல்ல மாட்டேன். அந்த ஊர் ஆட்கள் இன்னும் எனக்குப் போன் எடுக்கிறவர்கள், ஏசுவார்கள். என் வீடு நாவற்குடா. ஒவ்வொரு நாளும் காலையில் ஸ்கூட்டியில் வெளிக்கிட்டு, பாலத்தைத் தாண்டி, மாடுகளுக்கு ஹோன் அடித்து, அந்த ஊருக்குப் போய்ச் சேருவேன். தகரக் கூரை போட்ட ஒரே மண்டபம்தான் பள்ளிக்கூடம். பிள்ளைகள் அதிகம் இல்லை. இதற்கு மேல் கொஞ்சம் குறைந்தாலும் பள்ளியின் பதிவை ரத்துச் செய்துவிடுவோம் என்று மேலிடத்தில் ஏற்கனவே சொல்லியிருந்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒவ்வொரு இரவும் மனதில் வைத்துக்கொண்டுதான் படுத்தேன்.

வடிவம் படிப்பிப்பது எனக்கு வராத கலை. முதலில் பிஸ்கட்டில் படிப்பித்தேன். வட்ட பிஸ்கட்டைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். பிஸ்கட் என்றார்கள். சதுர பிஸ்கட்டைக் காட்டினேன். அதுவும் பிஸ்கட் என்றார்கள். சரிதானே, அவர்கள் என்ன பொய்யா சொன்னார்கள்? அடுத்த கேள்விக்கு வாய் திறப்பதற்குள் வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை, தட்டில் தூள்தான் கிடந்தது. பிறகு மட்டையில் வெட்டிக் கொடுத்தேன். முக்கோணத்தைத் தொப்பியாகப் போட்டுக்கொண்டு, வட்டத்தை வாகனம் ஓட்டுகிற வளையமாகப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பஸ் ஓட்டப் போய்விட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து நகரத்தில் ஒரு பயிற்சி வகுப்பு. கழுத்துப் பட்டி கட்டிய ஒரு தம்பி வந்து, பாடத்தைச் சுவரில் ஒட்டாதீர்கள், பிள்ளையின் வாழ்க்கையில் ஒட்டுங்கள் என்று பேசினார். எனக்கு நெஞ்சில் தைத்தது. விளையாட்டு விழா வரப்போகிறது. எல்லா முன்பள்ளியிலும் சிவப்பு இல்லம், நீல இல்லம் என்று பிரிப்பார்கள். நான் ஏன் வட்ட இல்லம், முக்கோண இல்லம் என்று பிரிக்கக் கூடாது? பிள்ளை தன் இல்லத்தை மறக்குமா? இல்லத்தை மறக்காவிட்டால் வடிவத்தை மறக்குமா? என் மூளையை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிள்ளைகளைப் பிரிப்பதிலும் மூளையைப் பாவித்தேன். பின்னேரத்தில் பயிற்சிக்குக் கூட்டிவரச் சுகமாக இருக்கட்டும் என்று, கோயில் ரோட்டுக்கு வடக்கே இருக்கும் வீட்டுப் பிள்ளைகளை வட்ட இல்லத்திலும், தெற்கே இருக்கும் வீட்டுப் பிள்ளைகளை முக்கோண இல்லத்திலும் போட்டேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது அங்கேதான்.

உங்களில் கொம்பு முறித்தல் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. கண்ணகை அம்மனுக்கு அந்த ஊரில் இன்னும் எப்போதாவது செய்வார்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். கொக்கி போல வளைந்த இரண்டு கொம்பை ஒன்றுக்குள் ஒன்று மாட்டி, வடம் கட்டி, இரண்டு பக்கமும் இழுப்பார்கள். எந்தப் பக்கத்துக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. தோற்றவர்களை வென்றவர்கள் சும்மா விடமாட்டார்கள். ஊர்வலம் போய்ப் பகிடிப் பாட்டுப் பாடுவார்கள். அண்ணனும் தம்பியும் அந்தச் சில நாள் முகம் பார்க்க மாட்டார்கள், பிறகு ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். நான் அதைக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, அந்த ஊரில் வடக்குத் தெரு ஒரு சேரி, தெற்குத் தெரு ஒரு சேரி என்பது எனக்குத் தெரியாது. கொம்பு முறித்துப் பல வருடமாகி, ஊர் கை தினவெடுத்துப்போய் இருந்தது என்பதும் தெரியாது.

முதலில் நல்ல சகுனம் போலத்தான் இருந்தது. தேத்தண்ணிக் கடையில் பெரியவர்கள் வடிவத்தைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பெருமை. தோணியில் போய் மீன் பிடிக்கும் வயிரமுத்து அண்ணன் வடக்குத் தெரு. வீச்சு வலை விரிந்தால் வட்டம், நெற்றிப் பொட்டு வட்டம், பூரணை நிலவு வட்டம், வட்டம் இல்லாமல் உலகமே இல்லை என்றாராம். தெற்குத் தெருவில் தங்கராசா அண்ணன் உழவு மெசின் வைத்திருக்கிறார். அவர் விடுவாரா? கோபுரம் என்ன வடிவம், கூரை என்ன வடிவம், அடுப்புக்கு எத்தனை கல், அடுப்பில்லாமல் உன் வட்ட ரொட்டியை எங்கே சுடுவாய் என்று கேட்டாராம். கேட்டுவிட்டு மெசினில் பெரிய முக்கோணம் ஒன்றை மஞ்சள் பெயின்டால் கீறியும் வைத்துவிட்டார். வடக்குத் தெருப் பெடியன்மார் அதைப் பார்த்து, அண்ணன், நாளைக்கு அந்த வட்டச் சில்லு நாலையும் கழட்டிப்போட்டு ஓட்டுங்க பாப்பம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் மெசினை எடுத்துக்கொண்டு போனாராம்.

அந்த ஊரில் வடிவம் படித்தவர்கள் பெற்றோர்தான். பிள்ளைகள் படித்தது வேறு. வட்டம் எங்கட, முக்கோணம் அவங்கட. அவ்வளவுதான். முக்கோண இல்லத்துப் பிள்ளையிடம் வட்டம் கீறச் சொன்னால் பென்சிலைக் கீழே வைத்துவிடும். வட்ட இல்லத்துப் பிள்ளை முக்கோண மட்டையைக் கண்டால் மிதிக்கும். பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த பகிடிப் பாட்டு வேறு. தெற்குப் பிள்ளைகள் ஊஞ்சலில் இருந்து, "மூலையில்லா முட்டை, மூடியில்லாச் சட்டி" என்று பாடும். வடக்குப் பிள்ளைகள் விடுமா? "குத்துற மூக்கா, கூரைக்கு மேல போ" என்று பாடும். நான் நடுவில் நின்று ஆனா ஆவன்னா சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் பொறுத்திருப்பேன். என்னைச் சுட்டது மிதுவும் சகியும்தான். மிது தங்கராசா அண்ணனின் கடைக்குட்டி. சகி வயிரமுத்து அண்ணனின் மகள். பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் நாளில் இருந்து இரண்டும் ஒரே பாயில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். மிது தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே மாட்டாள், சகியின் ரொட்டியைத்தான் தின்பாள். சகியின் தாய்க்கும் அது தெரியும், ஒன்று கூடுதலாகத்தான் சுட்டு வைப்பாள். இல்லம் பிரித்த கிழமை, சகி வழக்கம்போல ரொட்டியைப் பிய்க்காமல் முழுசாக நீட்டினாள். மிது அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வட்டம், எனக்கு வேணாம் என்று பாயின் மற்ற மூலைக்கு எழுந்து போய்விட்டாள். சகி நீட்டிய கையை மடக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, பிறகு ரொட்டியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அழுதிருந்தால் தூக்கியிருப்பேன். அவள் அழவில்லை.

அடுத்த நாள் மிதுவின் தாய் வந்தாள்.

"டீச்சர், இவள் ரொட்டி தின்னுறாள் இல்ல. இடியப்பமும் ஏலாவாம், தோசையும் ஏலாவாம், எல்லாம் வட்டமாம். பாண் மட்டும்தான். அதையும் மூலைக்கு மூலை வெட்டிக் குடுக்கட்டாம். ராவைக்குக் காய்ச்சல் எண்டு குளிசை குடுத்தன் டீச்சர், அதுவும் வட்டமாம், துப்பிட்டாள்."

தகப்பன் என்ன சொன்னார் என்று கேட்டேன். என்ட மகளெண்டா இப்பிடித்தான் இருப்பாள் என்று மீசையைத் தடவினாராம்.

நான் இல்லத்தின் பெயரை மாற்றப் பார்த்தேன். பூவும் பறவையும் என்று வைப்போம் என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். இரண்டு பக்கமும் முதன்முதலாக ஒற்றுமைப்பட்டு என் மீது பாய்ந்தார்கள். தோற்கப் பயந்து மற்றப் பக்கம் டீச்சரைக் கைக்குள் போட்டுவிட்டது என்று இரண்டு பக்கமும் சொன்னது. தங்கராசா அண்ணன் எழும்பி, விளையாட்டு விழாவில் ஓரவஞ்சகம் நடந்தால் தன் வீட்டு மாமரத்துக்குக் கீழே தெற்குப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி வைப்பேன், படிப்பிக்க மகளின் மச்சாள் ஒருத்தி படித்துவிட்டு வீட்டில் சும்மாதான் இருக்கிறாள் என்றார். வயிரமுத்து அண்ணன் உடனே, ஏன், எங்கட பக்கம் மரம் இல்லையா என்றார். அவர்கள் வாயில் வந்ததைச் சொன்னார்கள். எனக்கோ கணக்குத்தான் ஓடியது. பாதிப் பிள்ளை போனாலும் பதிவு போகும். பதிவு போனால் என் வேலை கிடக்கட்டும், அந்த ஊர்ப் பிள்ளை ஒன்றுக்கும் முன்பள்ளி இல்லை. மாமரத்துப் பள்ளி எத்தனை நாளைக்கு? முதல் மழை வரைக்கும்.

விளையாட்டு விழா சனிக்கிழமை வந்தது. கோயிலுக்குப் பின்னால் உள்ள வெட்டை வெளியில் ஊரே கூடிவிட்டது. என் மனிசனும் பார்க்க வந்திருந்தார். பலூன் உடைத்தல், தவளைப் பாய்ச்சல் எல்லாம் நடந்தது. பிள்ளைகள் எங்கே வெற்றி தோல்வி பார்த்தார்கள்? தாய் தகப்பன்தான் கோட்டுக்குள் வந்து நின்று கத்தினார்கள். ஒரு தவளை பாதி வழியில் குந்தி மண்ணில் விளையாடியது, அதற்கும் பக்கச்சார்பு என்று சண்டை. புள்ளி இரண்டு பக்கமும் சமமாக வந்து நின்றது. அதை நான் அப்படி நிறுத்தினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சியது பெற்றோரின் கயிறு இழுத்தல். கயிற்றுக்குக் கூட ஒரு பக்கம் இருந்துவிடக் கூடாது என்று செங்கலடிச் சந்தைக்குப் போய் வாங்கி வந்திருந்தேன். தகப்பன்மார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, குதிக்காலை மண்ணில் புதைத்து நின்றார்கள். முன்னால் தங்கராசா அண்ணன், எதிரே வயிரமுத்து அண்ணன். இரண்டு பேரின் கழுத்து நரம்பும் இழுக்க முதலே புடைத்திருந்தது. நான் நடுவில், வாயில் விசில். ஊதினால் ஒரு பக்கம் வெல்லும், மற்றப் பக்கம் திங்கட்கிழமை பிள்ளையை அனுப்பாது. ஊதாவிட்டால் என்னை இழுப்பார்கள்.

நான் வேலைக்கு வந்த புதிதில் எனக்கு மேலே இருந்த ஒரு டீச்சர் அடிக்கடி சொல்வார்: பிள்ளை அழுதால் தூக்கு, தாய் அழுதால் தண்ணீர் கொடு, தகப்பன் கத்தினால் வேலை கொடு. படிப்பிப்பதில் அவரும் என்னைப் போலத்தான், ஆனால் இந்த மூன்றிலும் அவரை வெல்ல ஆள் இல்லை. அந்த நேரம் அது ஞாபகம் வந்தது. விசிலைத் துப்பிவிட்டு, எல்லோரையும் கயிற்றைக் கீழே போடச் சொல்லி, அதன் இரண்டு நுனியையும் பிடித்து ஒன்றாக முடிந்தேன். பிள்ளைகளுக்கு இன்னும் பாடம் முடியவில்லை, பெரியவர்கள் கொஞ்சம் பிடித்துக் காட்டுங்கள் என்று அண்ணன்மார் இருவரையும் மட்டும் கூப்பிட்டேன். ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இழுத்தார்கள். இது என்ன வடிவம் என்று பிள்ளைகளைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, கயிறு என்றார்கள். சரியான விடை. இரண்டு பேர் மட்டும் எதிரெதிரே நின்று இழுத்தால் ஒரு வடிவமும் வராது.

மூன்றாவதாக மிதுவின் தாயைப் பிடிக்கச் சொன்னேன். முக்கோணம் வந்தது. தெற்குத் தெரு விசிலடித்தது. அந்த முக்கோணத்துக்கு ஒரு மூலையாகத் தான் நிற்பது வயிரமுத்து அண்ணனுக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் கறுத்துவிட்டது. கயிற்றை விட்டால் தோற்றதாகிவிடும், விடாவிட்டால் முக்கோணத்துக்குக் காவல். பாவம், விடவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. பிறகு எல்லோரையும் வரச் சொன்னேன். தாய், தகப்பன், மாமா, மாமி, என் மனிசன் எல்லோரும் வந்து சுற்றிப் பிடிக்க, கயிறு விரிந்து வட்டமாகியது. வடக்குத் தெரு ஆர்ப்பரித்தது. இப்போது தங்கராசா அண்ணனின் முறை.

"டீச்சர், இது சரியில்ல. என்னை வட்டத்துக்குள்ள மாட்டிப் போட்டீங்க."

விடுங்களேன் என்றேன். விடமாட்டன் என்றார். ஒருவரும் விடவில்லை. கயிறு கையில் இருந்தால் அந்த ஊரில் சும்மா நிற்க மாட்டார்கள். எதிரி யார், எந்தப் பக்கம் என்று தெரியாமலே எல்லோரும் பின்னுக்குச் சாய்ந்து இழுக்கத் தொடங்கினார்கள். பல்லைக் கடித்து, அம்மன் பேரைச் சொல்லி, உயிரைக் கொடுத்து இழுத்தார்கள். நான் நிறுத்துங்கள் என்று கத்தினேன். யார் கேட்டார்கள்?

முடிச்சு அவிழ்ந்தது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் மல்லாந்து விழுந்தது. இப்போது சிரிக்கலாம்.

ஆனால் அந்த இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. கொம்பு முறிந்தால் முறிந்த கொம்பு யாருடையது என்று பார்க்க வேண்டும் அல்லவா? இரண்டு அண்ணன்மாரும் பின்பக்கத்து மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பி வந்து, கயிற்றைத் தூக்கிப் பார்த்தார்கள். வயிரமுத்து அண்ணன் விரலால் தடவிப் பார்த்து, அறுந்து போகல்ல, அவிழ்ந்திருக்கு என்றார். யார் போட்ட முடிச்சு என்று தங்கராசா அண்ணன் கேட்டார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

தங்கச்சிமாரே, வேண்டுமென்றே இளக்கமாக முடிந்தீர்களா என்று பிறகு என்னைப் பலர் கேட்டார்கள். இல்லை. எனக்கு முடிச்சுப் போட வராது. நான் கட்டிய ஆடு ஒரு நாளும் கட்டிய இடத்தில் நின்றதில்லை. என் கெட்டித்தனம் அடுத்த மூச்சில்தான் இருந்தது. கயிறு சரியில்லை என்று சொல்லலாம். சொன்னால் வேறு கயிறு வரும், மறுபடியும் இழுப்பார்கள். ஒருவரும் வெல்லவில்லை என்று சொல்லலாம். சொன்னால் கடையில் போய் வாயால் இழுப்பார்கள். தோற்ற பக்கம் ஒன்று இருந்தால்தான் அந்த ஊர் வீட்டுக்குப் போகும். ஆகவே சொன்னேன்:

"நான் போட்ட முடிச்சு. நான் தோத்திட்டன்."

பிள்ளைகளின் கூட்டத்துக்குள் இருந்து மிதுதான் தொடங்கினாள். என்னை நேரே பார்த்து, மூலையில்லா முட்டை என்று மெல்லச் சொன்னாள். பக்கத்தில் எப்போது வந்து நின்றாளோ, மூடியில்லாச் சட்டி என்று சகி முடித்தாள். அந்தப் பாட்டு அவளுடைய பக்கத்துப் பாட்டே இல்லை. பிறகு கேட்கவா வேண்டும்? வடக்கும் தெற்கும் சேர்ந்துகொண்டன. என்னை முன்னுக்கு விட்டு, வெட்டையைச் சுற்றி ஊர்வலம். என் உயரம், என் ஸ்கூட்டி, என் குரல், என் முடிச்சு என்று நிமிசத்துக்கு ஒரு பாட்டுக் கட்டினார்கள். தோற்றவள் தலை குனிந்துதான் போக வேண்டும், குனிந்து போனேன். எனக்கு வெட்கம்தான். உள்ளுக்குள் சந்தோசமும்தான். திரும்பிப் பார்த்தால் என் மனிசனும் பின்னால் நின்று கை தட்டிப் பாடிக்கொண்டு வருகிறார். முப்பது வருடம் சமைத்துப் போட்டதற்கு அது கூலி.

சனிக்கிழமை சிரித்தார்கள் என்பதற்காகத் திங்கட்கிழமை பிள்ளையை அனுப்புவார்கள் என்று ஆகிவிடுமா? போகும்போது தங்கராசா அண்ணனிடம் மாமரத்தைப் பற்றிக் கேட்டேன். திங்கள் பாப்பம் டீச்சர் என்று மட்டும் சொல்லிவிட்டு மெசினில் ஏறினார்.

திங்கட்கிழமை வழக்கத்துக்கு முன்னமே போய்விட்டேன். கூட்டினேன். பாய் விரித்தேன். நேரமாகியது, ஒரு பிள்ளையும் இல்லை. மறுபடி கூட்டினேன். வாசலுக்கு வந்து பார்த்தேன், ரோட்டில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. வடக்கும் வரவில்லை, தெற்கும் வரவில்லை. இரண்டு மரத்துக்குக் கீழேயும் பள்ளி தொடங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். வெற்றுப் பாயைப் பார்க்க முடியாமல் அதைச் சுருட்டத் தொடங்கினேன். பாதி சுருட்டும்போது கோயில் ரோட்டில் சத்தம் கேட்டது.

எல்லோரும் வந்தார்கள். வடக்கும் தெற்கும் ஒரே கூட்டமாக, தாயும் தகப்பனும் பிள்ளையுமாக வந்தார்கள். முன்னால் மிதுவும் சகியும். மிதுவின் வாய் நிறைய ரொட்டி. ஏன் இவ்வளவு நேரம் என்று மிதுவின் தாயிடம் கேட்டேன்.

"சகி வராம வரமாட்டன் எண்டு இவள் ரோட்டில குந்திட்டாள் டீச்சர். சகிட தாய் இன்னும் ரொட்டி சுட்டு முடியல்ல. இவள் குந்த மற்றப் பிள்ளைகளும் குந்திட்டு. மறுகா நாங்க என்ன செய்யிற? எல்லாரும் நிண்டம்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை பெற்றோருக்கு முன்னால் ஒரு டீச்சர் அழலாமா? அதனால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இதுவா பள்ளிக்கு வாற நேரம் என்று ஏசத் தொடங்கினேன். தங்கராசா அண்ணனை ஏசினேன், வயிரமுத்து அண்ணனை ஏசினேன், ரொட்டி சுடப் பிந்திய தாயை ஏசினேன், ஒருவரையும் விடவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்து நின்று கேட்டார்கள். என் வேலைக்காலம் முழுக்க நான் யாரையும் அவ்வளவு சந்தோசமாக ஏசியதில்லை.